நீளக் குழல்

மக்காச்சோளச் சக்கையைக் குடைந்து செய்த, புகைபிடிக்கும் பைப்புகளில் குழல் நீளமான ஒன்றை ரோஸ்லின் கையில் எடுத்ததும், கடைக்காரர் கேட்டார்: "சாருக்காம்மா?" பல வருட ஆசை அவளுடையது. ஆனாலும் "ஆமா" என்றுதான் வாயில் வந்தது.

வாசலில் குடையோடு நின்ற அவள் கணவர் தேவசகாயத்தைக் கடைக்காரர் உள்ளே கூப்பிட்டார். "இழுத்துப் பாத்து வாங்குங்க சார். குழல் நீளம்னா புகை சூடு ஆறித்தான் வாய்க்கு வரும்." புகையிலையை அடைத்துப் பற்றவைத்தும் கொடுத்தார். பீடிகூடத் தொட்டிராத தேவசகாயம் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். அவர் இழுத்தார். இருமல் நிற்கவில்லை, கண்ணில் நீர் வழிந்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இந்த வயசுல ஏன் சார் இந்த ஆசை?" என்றான் ஒருவன்.

எனக்குத்தான் என்று சொல்ல ரோஸ்லினுக்கு வாய் எழவில்லை. "விட்டு ரொம்ப நாளாச்சு, அதான்" என்று அவரே சிரித்துச் சமாளித்தார்.

தெருவுக்கு வந்ததும் பைப்பை அவளிடம் நீட்டினார். "உனக்குத்தானே ரோஸி? நீ அதை எடுத்த விதத்துலயே தெரிஞ்சுது. இங்கயே பத்த வை, நான் நிக்கிறேன்ல."

தீக்குச்சியை உரசிப் பிடித்தார். அவள் ஒரு முறை இழுத்தாள். எதிரே ஒரு குடும்பம் பேசிக்கொண்டு வந்தது. பைப்பைச் சட்டென்று அவர் கையில் திணித்தாள். அவர் அதை வாயில் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் அவரை முறைத்தபடி கடந்தார்கள். வாய்க்குள் இருந்த புகையை வெளியே விடாமல், ரோஸ்லின் அவர் பக்கத்தில் நின்றாள்.