பச்சை டிக்

“மெசேஜ் வரலையே அத்தான்!”

“வரும், வரும். நீ கொஞ்சம் வாயை மூடு.”

“பணம் வந்தா உங்க போன் சத்தம் போடணும். ஒரு முக்கல் முனகல்கூட இல்ல. அவன் போன்ல டிக் வந்தா நமக்கென்ன, நெத்தியில வந்தா நமக்கென்ன?”

கொட்டகையின் மூலையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மச்சினிச்சி. நாலடி தள்ளி, விலைக்கு நின்ற நீலக் காரின் மேல் சாய்ந்தபடி, கறுப்புக் கண்ணாடிக்காரன் தன் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் பெரிதாக ஒரு பச்சை டிக். ‘பணம் செலுத்தப்பட்டது.’

அவள் வேலை பார்ப்பது செல்போன் கடையில். இந்த மாதிரி டிக்கை எத்தனையோ பார்த்தாகிவிட்டது. பேங்க் ஆப் மாதிரியே போலி ஆப் ஒன்று இருக்கிறது. தொகையை அடித்தால் டிக் விழும், மணிகூட அடிக்கும். காசு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது.

அந்தக் காரை அத்தான் போன வாரம்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். “சல்லிசா கிடைச்சுது, கை மாத்தி விட்டா நல்ல லாபம்” என்றார். ஊர்க்கோடியில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த இந்தக் கொட்டகையில் அதை ஒளித்தும் வைத்தார். அக்கா அம்மா வீட்டிலிருந்து நாளை வருகிறாள். அவள் காதில் விழுவதற்குள் வண்டி போயாக வேண்டும் என்று மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. விற்ற காசில் மச்சினிச்சிக்குச் சொந்தமாக ஒரு கடை என்றும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, அந்தப் பச்சை டிக்கில் தொங்கிக்கொண்டிருந்தது அவள் கடையும்தான்.

“நேத்து கார் வாங்க அந்த டீச்சர் மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்தாங்க. பேப்பரைக் காட்டுங்க, சேர்ந்தே பேங்குக்குப் போவோம், உங்க கணக்குல ஏறினதைப் பார்த்துட்டு சாவியைக் குடுங்கன்னாங்க. தங்கமான மனுஷி! அவங்களைப் போய் விரட்டி விட்டீங்களே!”

“ரொம்பக் கேள்வி கேட்டாங்க.”

“வாங்குறவங்க கேக்கத்தான் செய்வாங்க! இவன் ஒரு கேள்வி கேட்டானா? டயரை ஒரு உதை உதைச்சானா? பானெட்டுக்குள்ள என்ஜின் இருக்கா, எலி இருக்கான்னு எட்டிப் பார்த்தானா?”

“அதான் நம்பிக்கைங்கிறது.”

கறுப்புக் கண்ணாடி பக்கத்தில் வந்தது. “என்ன தங்கச்சி, சந்தேகமா? சர்வர் ஸ்லோ. ஒரு மணி நேரத்துல ஏறிடும். பேப்பர் எல்லாம் மெதுவா அனுப்புங்க, அவசரமே இல்ல.”

“ஏறட்டும்ணே. அதுவரைக்கும் இப்படி உக்காருங்க.”

“ஐயோ, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்மா.”

“வரும்போது மாமியார்னு சொன்னீங்க?”

அவன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். “ரெண்டு பேரையும்தான்!”

அவள் அத்தான் கையிலிருந்த சாவியை வெடுக்கென்று பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அத்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிடுங்கிய சாவியை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். போதாக்குறைக்குக் கதவையும் அவரே திறந்துவிட்டு, “வாங்க, வாங்க... ஸ்டியரிங்கை லேசா ஒடிங்க... அவ்வளவுதான்!” என்று ரிவர்ஸ் எடுக்க வழியும் சொன்னார்.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

மச்சினிச்சி அங்கே கிடந்த பழைய டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். “போச்சு, என் கடை போச்சு. அவன் மொட்டை அடிச்சுட்டுப் போறான், நீங்க டாட்டா காட்டுறீங்க! பணம் போடுற நம்பராவது சரியாக் குடுத்தீங்களா?”

“அவன் போன்ல நானேதான் அடிச்சேன். ஒரு இலக்கத்தைக் குறைச்சு அடிச்சேன்.”

“என்னது?”

“இல்லாத நம்பருக்குப் பணம் போயிடுச்சுன்னு டிக் காட்டுச்சு பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அத்தான் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்துப் போலீசுக்கு அடித்தார். அப்பாடா, இப்போதாவது புகார் கொடுக்கத் தோன்றியதே என்று அவள் துள்ளி எழுந்தாள்.

“பேர் எதுக்கு சார், தகவல்தான். நீங்க ஒரு வாரமா சல்லடை போட்டுத் தேடுறீங்களே நீலக் கார், அது இப்ப பாலத்துப் பக்கம் போயிட்டிருக்கு. ஆமா சார், நீதிபதி வீட்டு வாசல்ல திருடு போச்சே, அதேதான். ஓட்டுறவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கான்.”

போனை அணைத்துவிட்டுத் திரும்பினார். “சல்லிசா கிடைச்சுதுன்னீங்களே அத்தான்!” என்றாள் மச்சினிச்சி.

“எடுக்கும்போது நீதிபதி வண்டின்னு அதுல எழுதியா இருந்துச்சு?” என்றார் அத்தான், கொஞ்சம் வெட்கத்தோடு. “திருடுறதுகூட சுலபம்டி, தொலைக்கிறதுதான் உயிர் போகுது. அதுக்காக அந்த டீச்சர் தலையிலயா கட்ட முடியும்?”

சரி, நீங்களே சொல்லுங்கள்: போலீஸ் மடக்கியதும், ‘திருடலை சார், காசு குடுத்து வாங்கினேன்’ என்று அவன் அந்தப் பச்சை டிக்கைக் காட்டுவானா, மாட்டானா?