புரிகிற மாதிரி சொல்லுங்கள்

"பாங்க்ரியாஸ்ல ஒரு மாஸ் இருக்கு. லிவருக்கு மெட்டாஸ்டாசிஸ் ஆகியிருக்கு. இனிமே பாலியேட்டிவ் கேர்தான் ஆப்ஷன்."

இளம் பெண் டாக்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எதிரே இருந்த பெரியவர் தலையில் கைவைத்துக் குனிந்தார். தோள்கள் குலுங்கின. அப்புறம் நிமிர்ந்து சிரித்தார்.

"ஃபெயில். ஒரு வார்த்தை விளங்கலை. மறுபடி முதல்லேருந்து வாங்க."

அவர் நாடக நடிகர். மேடை கைவிட்ட பிறகு இந்த ஆஸ்பத்திரியில் ஒரு விநோதமான வேலை கிடைத்தது. புது டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்லிப் பழகுவதற்கு நோயாளியாக நடிக்க வேண்டும். சொன்னது புரியவில்லை என்றால் விடமாட்டார்.

இதயம், சிறுநீரகம், மூளை என்று எல்லாவற்றிலும் செத்துப் பிழைத்தவர். போன மாதம் நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, நர்ஸுகள் நடிப்பென்று கைதட்டிவிட்டுத்தான் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மாத்திரையில் வலி அடங்கியதும் அவரும் அதை மறந்துபோனார்.

"சார், ஒரு நிமிஷம், நான்..." என்று அவள் வாயெடுத்தாள்.

"சாக்கு சொல்லக் கூடாதும்மா. ஆரம்பிங்க."

"கணையத்துல ஒரு கட்டி."

"கணையம்னா? தமிழ்ல சொல்லிட்டா மட்டும் புரிஞ்சிடுமா? எங்க இருக்குன்னு கைவச்சுக் காட்டுங்க."

அவள் கை அவரை நோக்கி நீண்டு, பாதியில் திரும்பித் தன் வயிற்றின்மேல் படிந்தது. "இங்க, உள்ள தள்ளி. புத்துநோய்க் கட்டி. ஈரல் வரைக்கும் பரவிடுச்சு."

"இது பேச்சு. அறுத்து எடுத்துடலாமா டாக்டர்?"

"சர்ஜரிக்கான கிரைட்டீரியா..."

"முடியுமா, முடியாதா?"

"முடியாது சார்."

"மருந்து?"

"வலியைக் குறைக்கும். கட்டியை ஒண்ணும் பண்ணாது."

பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். எத்தனையோ புது டாக்டர்களைத் தேற வைத்து அனுப்பிய நாற்காலி அது. இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டவள் இவள்தான்.

"அடுத்து, எவ்வளவு நாள் இருப்பேன்னு கேப்பாங்க. எல்லாரும் வழுக்கி விழற இடம். பெரிய வார்த்தையா ஒண்ணை எடுத்து அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவாங்க. நீங்க கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள்.

"இந்த வருஷத்தைத் தாண்டறது கஷ்டம் சார். வீட்ல உங்க மனைவிகிட்ட சொல்லிடுங்க. பேச வேண்டியதையெல்லாம் இப்பவே பேசிடுங்க." குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

"பிரமாதம். இத்தனை வருஷத்துல இப்படி யாரும் சொன்னதில்லை. எந்த மரமண்டைக்கும் புரியும். பெரிய டாக்டருங்களை உள்ள வரச் சொல்லுங்க, நூத்துக்கு நூறுன்னு நானே சொல்றேன்."

வழக்கமாகப் பரீட்சை வைப்பவர்கள் உட்கார்ந்து கவனிக்கும் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பிக் கையசைத்தார். அங்கே விளக்குகூடப் போடவில்லை. நாற்காலிகள் காலியாக இருந்தன.

அவள் மேசையைச் சுற்றி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இன்னிக்குப் பரீட்சை இல்ல சார்."