பலகைப் பாலத்தில் ஓர் ஆட்டம்

உடனே வரச் சொல்லி வனத்துறை அலுவலகத்தில் இருந்து போன் வந்ததும் தையல்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"போன ஞாயிறு காட்டுக்குள்ள நடக்கப் போனப்போ என்ன பண்ணித் தொலைச்சே?" வழியெல்லாம் துளைத்தார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க. நாள் பூரா நடந்தும் ஒரு முயலைக்கூடக் காணோம்னு நீங்கதானே புலம்பினீங்க!"

ஷூ கயிறு கட்ட அவர் பின்தங்கிய நேரத்தில், சதுப்பு நிலத்துப் பலகைப் பாலத்தில், காற்று பட்ட குஷியில் ஓர் ஆட்டம் போட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதுவும் 'அமைதி காக்கவும்' அறிவிப்புப் பலகைக்கு எதிரிலேயே!

அதிகாரி கதவைச் சாத்தினார்.

"அங்கே மரத்துல கேமரா கட்டியிருக்கோம். இது நீங்கதானே?"

திரையில் இரு கையையும் தூக்கி, ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருந்தாள் அவள்.

"அடிப்பாவி! இந்த வயசுலயா?" என்றார் கணவர்.

"மன்னிச்சிடுங்க சார். இனிமே வராதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வாரம் பூரா மெஷின்ல குனிஞ்சு கிடக்கிறவளுக்கு அந்த ஒரு நாள் நடைதான் உயிர்."

"அம்மா, உங்களை விடுங்க. பின்னாடி பாருங்க."

அவள் முதுகுக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து மூன்று நீர்நாய்கள் கழுத்தை நீட்டி, ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"நீர்நாயைப் பார்த்து ஒன்பது வருஷமாச்சும்மா! இங்கே இனமே அத்துப்போச்சுன்னு எழுதி வெச்சிருந்தோம்." அதிகாரி மூன்று தலைகளையும் விரலால் தொட்டு எண்ணிக் காட்டினார். "நாங்க பதுங்கிப் பதுங்கித் தேடியும் கண்ணுல படலை."

கணவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அநியாயம் சார்! முப்பது வருஷமா கூடவே இருக்கேன். நானே இன்னும் இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை!"