அம்மா ஜாடை

"கண்ணை எடுத்துட்டேன் அத்தா. இனி மூக்கும் வாயும்தான் பாக்கி," என்றாள் இன்ஷா, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல்.

பஷீர் அகமது மகளுக்குப் போட்டு வந்த டீயை மேஜையில் வைத்தார். திரையில் இடப்பக்கம் இன்ஷாவின் முகம். வலப்பக்கம் கல்யாண முக்காட்டுக்குள் வெறும் வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டுதான் அவர் மனைவி மஜீதா, இன்ஷாவுக்கு நாலு வயதிருக்கும்போதே மௌத்தாகிப் போனவள்.

வீட்டில் படம் மாட்டக்கூடாது என்று பஷீரின் அம்மா கறாராக இருந்ததால், அவருக்குத் தெரிந்து மஜீதாவுக்கென்று இருந்தது இந்த ஒரே கல்யாணப் படம்தான். அதையும் பீரோவின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருந்தார் மனுஷர். போன மழையில் வாய்க்கால் தண்ணீர் பாலக்கரை வீட்டுக்குள் புகுந்து படம் ஊறிவிட்டது. சட்டத்தைப் பிரித்தால், முகம் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அன்றைக்கு அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

நான் சரிபண்ணித் தருகிறேன் என்று கிளம்பியவள்தான் இன்ஷா. மேலப்புதூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பெலிண்டாவிடம் சேர்ந்து, கறை எடுக்கவும் கிழிசல் ஒட்டவும் கம்ப்யூட்டரில் கற்றுக்கொண்டாள். முக்காட்டின் சரிகையைக்கூட இழை இழையாக மீட்டுவிட்டாள். முகத்துக்குத்தான் வழியில்லை. ஏஐ-யிடம் கொடுத்தால், அது ஏதோ சீரியல்காரியின் மூஞ்சியைக் கொண்டுவந்து ஒட்டியது. முகம் சுத்தமாகப் போயிருந்தால் அதே ஆளின் வேறு போட்டோவிலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால்தான் ரத்த சொந்தத்தின் முகத்திலிருந்து எடுக்கலாம் என்று பெலிண்டா சொல்லியிருந்தார்.

வேறு போட்டோ கேட்டு இன்ஷா போன வாரம் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு, மஜீதாவின் தங்கை ரிஃபானா வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்ந்து திரும்பியவள் சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை போல, பாவம் பிள்ளை என்று பஷீர் நினைத்துக்கொண்டார். மறுநாளே அவள் தன் முகத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அப்படியே அம்மா ஜாடைன்னு நீங்கதானே சொல்லுவீங்க," என்றாள் இப்போது.

சொன்னது பஷீர்தான். அம்மா எங்கே என்று பிள்ளை விடாமல் அழுதபோதெல்லாம், கண்ணாடி முன்னால் தூக்கிக்கொண்டு போய், இதோ பார் உங்கம்மா என்று காட்டியவர் அவர்தான். வேறு ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தப் பேச்சு வந்ததில்லை. எப்படி வரும்?

முசிறியில் மஜீதாவின் சிநேகிதி ஒருத்தி பிரசவத்தில் கண்ணை மூடினாள். பெற்றவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையைக் கைகழுவினான். தனக்கென்று பிள்ளையில்லாத மஜீதா, அந்தப் பச்சைமண்ணைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள். அதுதான் இன்ஷா.

இத்தனை காலம் மறைத்து ஓட்டியாகிவிட்டது. இனி ஓட்ட முடியாது. அடுத்த மாதம் இன்ஷாவுக்கு நிக்காஹ். வளர்த்தவன் எவ்வளவு ஆசையாய் வளர்த்திருந்தாலும், நிக்காஹ்வில் பெற்றவன் பேரைச் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். முதலில் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். இவரும் தன் கைலிக் கடையை அடைக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்புவார். வாசலில் அவள் "அத்தா" என்று கூப்பிட்டதும் வாய் கட்டிப்போகும். சொன்ன பிறகு அப்படிக் கூப்பிடுவாளோ மாட்டாளோ என்று பயம்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவர் வந்தபோது, இன்ஷா ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வந்து காத்திருந்தாள். படத்தை நீட்டினாள்.

முக்காட்டுக்குள் இன்ஷா சிரித்துக்கொண்டிருந்தாள். மஜீதாவுக்கு அகலமான மூக்கு. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பல். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். அதில் ஒன்றுகூட இந்தப் படத்தில் இல்லை. மனைவியை இன்னொரு தடவை அடக்கம் செய்ததுபோல இருந்தது அவருக்கு. பொய் சொன்னவன் நீ, நீயே முழுங்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அப்படியே உங்கம்மாதான்," என்றார்.

இன்ஷா டிராயரைத் திறந்து, சின்னப் படம் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ரெட்டை ஜடை போட்ட பள்ளிக்கூட மஜீதா. அகலமான மூக்கு, ஏறிய பல், இடுங்கிய கண், எல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"இது உங்களுக்கு. சின்னம்மா குடுத்தாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க," என்றாள்.

பஷீர் அந்தச் சின்னப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்ஷா கல்யாணப் படத்தை எடுத்துத் தன் கன்னத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"இப்பவாவது நான் அம்மா ஜாடையா இருக்கேனா, அத்தா?"