முக்கால் லிட்டர்

மூன்றாவது டம்ளர் தண்ணீரையும் குடித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

தவமணியால் உட்கார முடியவில்லை. எழுந்து கதிர்வீச்சு அறையின் கனத்த கதவு வரை போனாள். திரும்பினாள். மறுபடி போனாள்.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. உள்ளே வேறு யாரோ.

இன்று பதினேழாவது நாள். இன்னும் எட்டு இருக்கிறது. இடுப்பின் இரண்டு பக்கமும் அடிவயிற்றிலும் ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள். அழிந்துவிடும் என்று அங்கே அவள் சோப்பே போடுவதில்லை.

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே ஒதுங்கும், கதிர் புற்றின் மேல் மட்டும் விழும் என்று டெக்னீஷியன் ஷோபனா முதல் நாளே படம் போட்டுக் காட்டியிருந்தாள்.

அடக்கி வைப்பது தவமணிக்குப் புதிதில்லை. பத்தொன்பது வருடம் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். நடுவில் கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

பக்கத்து நாற்காலியில் ஜைனம்பு. அறுபது வயதிருக்கும். துறையூரிலிருந்து தனியாக பஸ்ஸில் வருகிறவள். முழங்கால்களை இறுக்கிக்கொண்டு, நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்தாள். நேற்று தாங்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடிவிட்டாள். முந்தாநாளும் அப்படித்தான். பிறகு முதலிலிருந்து தண்ணீர் குடித்துக் காத்திருந்தாள்.

ஷோபனா கதவைத் திறந்து தவமணி என்று கூப்பிட்டாள்.

தவமணி இரண்டடி வைத்தாள். நின்றாள்.

இவங்க முதல்ல போகட்டும் என்றாள்.

ஜைனம்பு மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை. சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள்.

தவமணி நடந்தாள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தாள். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து அவள் முறை வந்தது. குளிர்ந்த பலகையில் படுத்தாள். அசையக் கூடாது. இயந்திரம் அவளைச் சுற்றி வந்து படம் எடுத்தது. பிறகு சும்மா நின்றது.

ஷோபனா கதவைத் திறந்து வந்தாள்.

"ரொம்ப நிறைஞ்சிருக்குக்கா. நேத்து இருந்த எடத்துல இல்ல எல்லாம். கொஞ்சமா போயிட்டு வாங்க. முழுசா விட்டுடாதீங்க."

கழிப்பறையில் கொஞ்சம் விட்டாள். நிறுத்தப் பார்த்தாள்.

நிற்கவில்லை.

பத்தொன்பது வருடம் சொன்னதைக் கேட்ட உடம்பு அன்றைக்குக் கேட்கவில்லை. எல்லாம் போயிற்று. கூடவே அழுகையும் வந்தது. வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுபடி மூன்று டம்ளர்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது ஜைனம்பு அதே நாற்காலியில் இருந்தாள். முடிந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவள். மூன்று மணி பஸ் போயிருக்கும்.

தவமணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி ஆயிற்று. தவமணியின் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

உனக்கு எந்த எடத்துலம்மா என்று ஜைனம்பு மெல்லக் கேட்டாள்.

கடையில் பித்தப்பைக் கல் என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். அண்ணன் வீட்டில் குடல்புண். ஆட்டோக்காரரிடம்கூட, யாரையோ பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்வாள்.

எதிர் பெஞ்சில் இரண்டு ஆண்கள்.

"கர்ப்பப்பை வாயில," என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஒருவர் செல்போனிலிருந்து நிமிர்ந்தார். தவமணி அவரையே பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார்.

ஜைனம்பு தன் அடிவயிற்றில் கையை வைத்தாள். தலையை ஆட்டினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள்.

தவமணி எழுந்து, கைப்பையை நாற்காலியில் வைக்கப்போனாள்.

ஜைனம்பு அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.