மூன்றாவது மானிட்டர்

"மீரிம், அந்த மூணாவது மானிட்டர்ல என்ன விண்டோ திறந்து வச்சிருக்க?"

ஷிஃப்ட் தலைவர் ஜனிபெக் போட்ட சத்தத்தில் அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றாமலே திரும்பினார்கள்.

பிஷ்கெக் நகரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு அறை. ஆளுக்கு இரண்டு மானிட்டர். இடது பக்கம் வரைபடம், வலது பக்கம் வண்டிகள். மீரிம் மட்டும் வீட்டிலிருந்து ஒரு பழைய மானிட்டரைத் தூக்கி வந்து, சுவரோரமாக யாருக்கும் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தாள்.

"வேலை விஷயம்தான், பைகே." அந்த ஊரில் அண்ணனுக்குப் 'பைகே', அக்காவுக்கு 'எஜே'.

பக்கத்து மேசை அய்ஸாதா சிரித்தாள். "அரட்டைக் குழு, பைகே! நாப்பத்தோரு பேர். நானே பார்த்தேன். எஜே முகத்துக்குப் போடுற க்ரீம் விக்கிறாங்க போல. எனக்குத்தான் காட்டவே இல்ல."

"உன் முகத்துக்கு ஒரு டப்பா பத்தாதுடி," என்றாள் மீரிம்.

அதற்குள் ஓர் அழைப்பு. பேசிக்கொண்டே இடது திரையில் வீட்டைப் பிடித்தாள், வலது திரையில் வண்டியைத் தட்டினாள். எட்டு விண்டோக்கள் திறந்திருந்தன. ஒன்றுகூட இன்னொன்றை மறைக்கவில்லை. இருபதே விநாடி. அந்த வேகம் அந்த அறையில் வேறு யாருக்கும் கிடையாது. ஜனிபெக்குக்கு அதுவே எரிச்சல்.

"கை வேகமா ஓடினா சட்டம் கிடையாதா? மூடு அதை."

"மூட மாட்டேன். அனுமதி கேட்டு மூணு தடவை எழுதிட்டேன். நீங்க திறந்தே பார்க்கல."

"அப்படின்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

சொன்னவர், தானே குனிந்து அந்த மானிட்டரின் கேபிளைப் பிடுங்கினார்.

திரை இருண்டது. ஆனால் அதிலிருந்த விண்டோ சாகவில்லை. ஒரே தாவலில் இடது திரைக்கு வந்து, வரைபடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

எல்லோர் கண்முன்னும் அதில் ஒரு வரி விழுந்தது. அனுப்பியவள் பெரிஸாத்.

'எஜே, பையனுக்கு வலிப்பு. உதடு நீலமாகுது. பயமா இருக்கு.'

மீரிமின் விரல்கள் ஓடின. 'ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் வைக்காதே. வாசக்கதவைத் திறந்து வச்சிடு.' விண்டோவை ஓரம் தள்ளி, வரைபடத்தில் வீட்டைத் தொட்டாள். முகவரி கேட்கவே இல்லை. ஏழாம் நம்பர் வண்டி கிளம்பியது.

"என்ன தாய் இவ!" ஜனிபெக் படபடத்தார். "பிள்ளை அப்படிக் கிடக்கு, உட்கார்ந்து டைப் அடிக்கிறா! போன் பண்ணத் தெரியாதா? நீயாவது கூப்பிடேன்!"

மீரிம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'வண்டி பாலம் தாண்டிடுச்சு,' என்று அடித்தாள். பிறகு, 'உன் தெருவுக்கு வந்துடுச்சு. அவன் நெஞ்சையே பாரு, ஏறி இறங்குதா?'



அய்ஸாதா எழுந்து வந்து பின்னால் நின்றாள். ஆறு நிமிடம் கழித்துத்தான் அடுத்த வரி விழுந்தது.

ஜனிபெக்தான் முதலில் படித்தார்.

'அழறான் எஜே! நல்ல சத்தமாம். எனக்குத்தான் காது கேக்காதே, டாக்டரம்மா கையால காட்டினாங்க.'