கேபிள் இல்லாமல்

அன்று அந்த அறையில் மின்விசிறி ஓடியதா என்பது தேன்மொழிக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

ஓடியிருக்கும். அல்லது அது பழைய கம்ப்யூட்டரின் இரைச்சலாகவும் இருக்கலாம்.

படங்கள் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு ஏறிய சதவீதம் மட்டும் நினைவிருக்கிறது. மூன்று. அப்புறம் வெகுநேரம் அதே மூன்று.

"ஸ்கிரீன் அணைஞ்சா பாதியில நின்னுடும். தொட்டுக்கிட்டே இரு" என்றாள் சுகந்தி.

தேன்மொழி தன் போனைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, காய்ச்சல் பார்ப்பதுபோல.

வீடு பாதி மூட்டை கட்டியிருந்தது. சுகந்தியின் கணவருக்குப் புனேவுக்கு மாற்றல். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் எடுத்துப்போய்விடுவார். நம்ம ரூம் படமெல்லாம் இதுல கெடக்கு, வந்து எடுத்துக்கறியா என்று சுகந்தி செய்தி அனுப்பியிருந்தாள்.

ஒன்பது வருடத்தில் வந்த முதல் செய்தி.

இருவரும் குரோம்பேட்டையில் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே குக்கர், ஒரே குடை. சுகந்திக்கு ஸ்டீபன் என்று ஒருவன் இருந்தான். அந்த அறைக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகந்தியின் அப்பா தேன்மொழியைப் போனில் கூப்பிட்டார்.

"நீ பொய் சொல்ற பொண்ணு இல்லம்மா" என்றார்.

அவள் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும்.

மாலைக்குள் கார் வந்தது. சுகந்தியை ஏற்றினார்கள். துணிகளை ஏற்றினார்கள். கம்ப்யூட்டரை டிக்கியில் வைத்துச் சுற்றிலும் தலையணை செருகினார்கள். குடை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்தொரு சதவீதம்.

ஒரு வார்த்தை சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். படங்கள் ஒரு சாக்கு. மின்சார ரயிலில் வரும்போதே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். மாம்பலத்தில் அது நன்றாக இருந்தது. பல்லாவரம் வருவதற்குள் தேய்ந்துபோய்விட்டது.

மூக்குக் கண்ணாடியை எடுக்கச் சுகந்தி மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

உள்ளே டேட்டா கேபிள் சுருண்டு கிடந்தது. அதைச் செருகினால் ஐந்தே நிமிடம்.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

சுகந்தி கண்ணாடியை எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினாள்.

முப்பத்தெட்டு.

சுகந்தி ஒரு வீடியோவைத் திறந்தாள். மங்கலான படம். ஒற்றை அடுப்பு. அதன்முன் கரண்டியும் கையுமாக அவள். இருபத்துமூன்று வயது. பக்கத்தில் ஈரத்தலையோடு சுகந்தி.

"ஏய் தேனு, உப்புப் போட்டியா, இல்ல மெரினாலேர்ந்து நேரா மொண்டுட்டு வந்தியா?"

"வக்கணையாப் பேசு. நேத்து உன் ரசத்தக் குடிச்சிட்டு ஹவுஸ் ஓனர் நாய் தெருவையே காலி பண்ணிடுச்சு."

"அது உன் மூஞ்சியப் பாத்துட்டு ஓடுச்சுடி!"

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. ஆணின் சிரிப்பு. சிரித்த வேகத்தில் படம் ஆடியது.

எடுத்தவன் அவன்தான். அதனால் படத்தில் அவன் இல்லை.

சுகந்தி வீடியோவை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தாள்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று தேன்மொழிக்குத் தோன்றியது.

"சுகந்தி, அன்னிக்கி உங்கப்பா..."

"ஸ்கிரீன் அணையுது பாரு."

அவள் தொட்டாள்.

எழுபது. எண்பத்தாறு. அதன்பிறகு எண்கள் ஓடிவிட்டன. எப்போதுமே கடைசியில் அப்படித்தான்.

முடிந்தது.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுகந்தி எழவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

திரையில் ஒரு ஃபோல்டர். பெயர், பிரிண்டர் டிரைவர்.

"இது எதுக்குடி எனக்கு?"

"இந்த வீட்ல யாரும் தொறக்காத பேரு அது ஒண்ணுதான்."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். போனைத் தொட்டாள். அது போய்ச் சேரும்வரை சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலண்டர் கழற்றிய இடம் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது.

போய்ச் சேர்ந்ததும் சுகந்தி கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரை அழித்தாள். குப்பைத்தொட்டிக்குள் போய், அங்கிருந்தும் அழித்தாள்.

"உங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

தேன்மொழி கொண்டுவந்த வார்த்தை அவளோடே திரும்பியது.

ரயிலில் திறந்து பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு படங்கள். முதல் படத்தில், பரங்கிமலை ஸ்டேஷன் பெஞ்சில் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டீபன் சிரிக்கிறான்.

இரண்டாவது படத்துக்கு அவள் போகவில்லை.

சுகந்தி இப்போதும் புனேவில்தான் இருக்கிறாள். மகள் எட்டாவது படிக்கிறாள். பொங்கலுக்கு வாழ்த்து வரும், அவ்வளவுதான். சுகந்தியின் அப்பா இறந்துவிட்டார். ஸ்டீபன் ஓசூரில் பட்டறை வைத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். கம்ப்யூட்டர் எடைக்குப் போய்விட்டது.

தேன்மொழி அதன்பிறகு மூன்று போன் மாற்றிவிட்டாள். ஒவ்வொரு முறையும் புதுப் போனுக்கு முதலில் போவது அந்த ஃபோல்டர்தான். திறப்பதில்லை.

கடைசி முறை மாற்றும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"பிரிண்டர் டிரைவரா? நம்ம வீட்ல பிரிண்டரே இல்லையே."

"ஆபீஸோடது" என்றாள், யோசிக்காமல்.